போஸ்டர் கலரில் உன் அப்பா

அன்புள்ள ஜெரோம்,

நம் தெருவில் என்னைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதில் ஒன்று புனே வரைக்கும் வந்து உன் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் மேல் உள்ள கோபத்தில், நீ வரைந்த உன் அப்பாவின் படத்தை நான் வேண்டுமென்றே அழித்துவிட்டேன் என்பது ஒன்று. எனக்குக் கண் மங்கிவிட்டது, கூடவே புத்தியும் மங்கிவிட்டது, அதனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. என் இடது கண்ணில் புரை இருப்பது உண்மை. வலது கண்ணால் ஜெபப் புத்தகத்தின் பொடி எழுத்தைக்கூட இன்றும் படிக்கிறேன். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் மேல் கோபமும் இல்லை. அந்தப் படத்தை நான் பகல் பதினோரு மணி வெளிச்சத்தில், முழு நினைவோடு, ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தால் போய்விடுகிற நிறம் அது என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல்தான் எதிர் வீட்டு ஃபிலோவிடம் கொடுத்து அனுப்பப்போகிறேன். தபாலில் சேர்க்கும் முன் அவள் படிப்பாள். படிக்கட்டும். அவள் வாயால் பரவியது அவள் வாயாலேயே திருந்தினால் எனக்கு அலைச்சல் மிச்சம். உன்னிடம் சொல்லிவிட்ட ஒன்று ஊருக்குத் தெரிவதில் எனக்கு இனி வெட்கமில்லை.

உன் அப்பாவின் நினைவுத் திருப்பலிக்கு முந்தைய சனிக்கிழமை அது. சனிக்கிழமை என்றால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். கதவு, ஜன்னல் கம்பி, அலமாரி, சுவரில் மாட்டியிருக்கும் எல்லாம் ஈரத்துணியால் துடைக்கப்படும். அன்று படத்தின் அருகில் போனபோது, கண்ணாடிக்கு உள்ளே, அவர் கன்னத்தில் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. கடல் காற்றின் ஈரம் கண்ணாடிக்குள் புகுந்து பூஞ்சணம் பூத்திருந்தது. இருபது வருடத்தில் இப்போதுதான் இவ்வளவு. நாளை பூசைக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் அவரை இந்த முகத்தோடு பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். சட்டத்தைக் கழற்றி, பின்புறத்து ஆணிகளைக் கத்தியால் நெம்பி, படத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துத் துடைத்தேன். துணிகூட அவருடைய பழைய வேட்டியைக் கிழித்ததுதான்.

ஏன் துடைத்தாய், யாராவது ஓவியத்தை ஈரத்துணியால் துடைப்பார்களா என்று நீ கேட்பாய். ஒரு பெயிண்டரின் மனைவி துடைப்பாள், ஜெரோம். இந்த வீட்டின் கம்பிகளுக்கும் கதவுகளுக்கும் அவர் பூசிய பச்சை எனாமலை நான் திருமணமான நாளிலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். முதன்முதலில் நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றபோது அவர் சிரித்தார். "நல்லா தொடைமே. கடல் தண்ணிக்கே அசராத பெயிண்ட்டு இது. உன் துணி இன்னா பண்ணும்? தொடைக்கத் தொடைக்கத்தான் பளபளன்னு கீது" என்றார். நிறம் என்றால் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் இன்னும் துலங்கும் என்றே நான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். வேறு எந்த வீட்டுப் பெண்ணும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டாள்.

திருப்பலிக்குப் பூ கொடுக்க வந்த ஃபிலோதான் முதலில் பார்த்தாள். "ஐயோ யக்கா! இன்னா பண்ணிக்கினு கீற? அண்ணன் மூஞ்சி போய்க்கினு கீதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் துணியைத் திருப்பிப் பார்த்தேன். உன் அப்பாவின் கன்னம் துணியில் இருந்தது. ஒரு கண்ணும் மீசையின் பாதியும் போயிருந்தன. ஃபிலோ அழுதாள். நான் அழவில்லை. அதைத்தான் அவள் தெருவில் போய்ச் சொல்லியிருக்கிறாள், "ஒரு சொட்டு கண்ணீர் வுடலியே, கல்லு மாரி குந்திக்கினு கீது" என்று. பிறர் முன்னால் அழக் கூடாது என்று கான்வென்டில் கன்னியர் கற்றுக்கொடுத்ததை எழுபத்திரண்டு வயதில் மறக்க முடியவில்லை. அவள் போன பிறகு என்ன செய்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் மகன் உனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்பதும் எனக்கு வந்து சேர்ந்தது. "எங்கம்மா எதையும் தெரியாம செய்ற ஆள் இல்லடா" என்றாயாம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாய். மாத்திரை சாப்பிட்டாயா, தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறாய். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து ஞாயிறு இப்படிப் போய்விட்டது. நீ சொன்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது என்னைச் சுட்டது, ஆனால் பொய் இல்லை. நீ அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உனக்கே முழுதாகத் தெரியாது. அதை இப்போது சொல்கிறேன்.

நீ பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் உன் அப்பா ஓர் ஆயில் கலர் பெட்டி வாங்கி வந்தார். செய்தித்தாளில் சுற்றி, சட்டைக்குள் மறைத்து, திருடன் மாதிரி கொண்டுவந்தார். "இது நம்ப பெயிண்ட்டு மாரி இல்லமே. இது ஆர்ட்டிஸ்ட்டுங்க பெயிண்ட்டு" என்று எனக்கு விளக்கினார். பன்னிரண்டு ட்யூப். உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டி காணாமல் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். காணாமல் போகவில்லை. நான்தான் அதைக் காய்கறிப் பையில் போட்டு, நம் தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி நடந்து, அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு ட்யூப் மட்டும்தான் அமுக்கப்பட்டிருந்தன. மற்ற பத்தும் மூடி திறக்காதவை.

அப்பாவின் இருமலுக்கு டர்பென்டைன் வாசனை ஆகாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இருமியது உண்மைதான். கப்பலின் அடிவயிற்றுத் துருவைச் சுத்தியால் தட்டி உதிர்த்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு என்கிற சிவப்புப் பூச்சு அடித்து, அதன்மேல் எனாமல் அடிக்கிற மனிதனின் நெஞ்சில் என்ன இருக்கும்? ஆனால் இருமல் எனக்கு ஒரு சாக்கு. வீட்டில் ஒரு பெயிண்டர் போதும், இரண்டாவது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

நீங்கள் இருவரும் மூன்று நாள் தேடினீர்கள். கட்டிலுக்கு அடியில், பரண்மேல், சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால். மூன்றாம் நாள் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பார்த்துவிட்டு உன் தோளில் தட்டி, "வுட்றா ஜெரோமு. இந்த வூட்ல காணாம போனது இந்த வூட்ல தேடுனா கெடைக்காது" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆறு போஸ்டர் கலர் பாட்டில்களைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார். "இதுல வாசனயே இல்ல. தண்ணி ஊத்தி கலக்கு. உங்கம்மாக்கும் தலவலி இல்ல" என்றார். நீ அப்பாவை வரைந்தது அந்தப் பாட்டில்களால்தான். அன்று நான் அந்தப் பெட்டியை எறியாமல் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை என் ஈரத்துணி அவர் முகத்தை ஒன்றும் செய்திருக்காது.

பெயிண்டர் என்ற சொல்லின் மேல் எனக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்று நீ ஒருமுறை கேட்டிருக்கிறாய். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். என் அப்பா பேசின் பிரிட்ஜில் ரயில்வே கார்டாக இருந்தவர். மாப்பிள்ளைக்கு "ஹார்பர்ல பர்மனென்ட் வேலை" என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். நான் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு தட்டச்சு இயந்திரம் என்று என் மனத்தில் ஓர் அலுவலகத்தைக் கட்டி வைத்திருந்தேன். கல்யாணத்தன்று மோதிரம் போடக் கையை நீட்டியபோதுதான் நகக்கண்களில் சிவப்பைப் பார்த்தேன். மருதாணி என்று நினைத்தேன். ரெட் ஆக்சைடு. மண்ணெண்ணெயில் கழுவியும் போகாதது. மறுவாரமே இந்தத் தெருவில் நான் பெயிண்டரம்மா ஆகிவிட்டேன். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவள், பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவள், எல்லாருக்கும் பெயிண்டரம்மா. அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவர்கள் விடவும் மாட்டார்கள். உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'துறைமுக ஊழியர்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "இன்னா எழுதிக்கீற?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "நல்லாத்தான் கீது. ஆனா அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதே" என்றார். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்குப் பதினோரு வயதில் ஒரு ஞாயிறு அவரோடு காசிமேட்டுக்குப் போனாய். லீவு நாளில் அவர் படகுகளுக்குப் பெயர் எழுதுவார். மாலை நீ திரும்பி வந்தபோது தலைமுடியில் நீல எனாமல், முழங்கை வரை சிவப்பு. "அம்மா, ஆரோக்கியம்னு படகு மேல எழுதியிருக்குல்ல, அதுல 'ஆ' நான் போட்டதும்மா" என்று குதித்தாய். நான் உன்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, பிறகு தேங்காய் நார் என்று தேய்த்தேன். தோல் சிவந்து நீ அழுதாய். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே, தோலையே உரிச்சிடுவ போல கீது. பெயிண்ட்டு போனா போவுது, பாத்து, புள்ள போயிடப் போறான்" என்றார். நீ போய்த்தான் விட்டாய். புனேவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் செய்கிறாய். அதில் தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை, கையில் ஒட்டுவதும் இல்லை. அதைத்தான் நான் உனக்காக ஆசைப்பட்டேன். ஆனால் அங்கே போன நாளிலிருந்து நீ ஒரு பிரஷைத் தொடவில்லை என்று உன் மனைவி ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது அந்தப் படம் வரைந்த நாட்களுக்கு வருகிறேன். அவருடைய கடைசி வருடம். நீ அவரை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாய். வேலைக்குப் போகும் கட்டம் போட்ட சட்டை, கையில் இரண்டு அங்குல பிரஷ். நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தேன். சுவரில் காலத்துக்கும் தொங்கப்போகிற படம், பூசைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், இந்தக் கோலத்திலா என்று கேட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிரஷைக் கீழே வைக்கச் சொன்னேன். "பிரஷ் இல்லாம இந்த கைய இன்னா பண்றது? தொங்கவுட்டுக்கினு குந்தறதா?" என்று கேட்டார். என் ஆங்கில ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தலகீழா புடிச்சினு கீறேனா பாருடா. அப்பால இங்கிலீஷ்காரிக்கு கோவம் வந்துடும்." நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் சட்டையின் காலரைச் சரி செய்துவிட்டுப் போனேன்.

படம் முடிந்ததும் முதலில் பாராட்டியது நான்தான். நிறம் எடுப்பாக வந்திருக்கிறது, அப்பா சிவப்பாக இருக்கிறார் என்றேன். "நான் சரியாத்தாம்மா கலந்தேன். காஞ்சதும் வெளுத்துப் போச்சு" என்று நீ வருத்தப்பட்டாய். வெளுத்ததே நல்லது என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது பேனா நிற்கிறது.

படம் அழிந்த பத்தாம் நாள், எனக்குத் தெரியாத ஒன்றால்தான் இது நடந்தது, அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று பஸ் ஏறி மண்ணடிக்குப் போனேன். ஓவியச் சாமான் விற்கும் சிறிய கடை. கல்லாவில் வயதான பாய் ஒருவர். "வாங்கம்மா, பேத்திக்கா? கிரேயான் அந்தப் பக்கம் கீது" என்றார். எனக்குத்தான், எல்லா வகையிலும் ஒவ்வொன்று வேண்டும், நிறம் ஒரே பழுப்பாக இருக்கட்டும், வகைதான் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். "வீட்டுக்காரர் இருக்காராம்மா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு ஸ்டூல் எடுத்துவந்து போட்டார்.

"வாட்டர் கலர் கண்ணாடி மாரிம்மா" என்று ஆரம்பித்தார். "கீழ இருக்கறது தெரியும். அதுல வெள்ளன்னு தனியா கிடையாது, பேப்பர்தான் வெள்ள. அதால தப்பு பண்ணா மூட முடியாது. போஸ்டர் கலர் சுண்ணாம்பு மாரி, எது மேல அடிச்சாலும் மூடிடும். ஆனா ரெண்டும் பிசின்ல கொழச்சது. அம்பது வருசம் ஆனாலும் தண்ணி பட்டா அப்படியே திரும்பி வந்துடும். அக்ரிலிக் வேற. ஈரமா இருக்கறவரைக்கும் தண்ணிக்கு தோஸ்து. காஞ்சிடுச்சின்னா பிளாஸ்டிக்கு, தண்ணி யாருன்னே தெரியாது அதுக்கு."

ஆயில் எப்படி என்று கேட்டேன்.

"அது சோம்பேறிம்மா. ஆளிவிதை எண்ணெய்ல கொழச்சது, லேசுல காயாது. நாலு நாள் கழிச்சி வந்து மனசு மாறிச்சின்னாலும் வழிச்சி எடுத்துட்டு வேற போடலாம். ஆனா ஒண்ணு. அடில ஒண்ணு போட்டுட்டு மேல ஒண்ணு போட்டு மறைச்சீங்கன்னு வெச்சிக்கங்க, இன்னிக்கி தெரியாது. வருசம் போவப் போவ மேல போட்டது மெலிஞ்சி, கீழ இருக்கறது எட்டிப் பாக்கும்."

அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கக் கூசியது.

வீட்டுக்கு வந்து பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளின் வெள்ளைப் பக்கத்தில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, வகையின் பெயரை மேலே எழுதி, நான்கையும் பூசிக் காய வைத்தேன். ஃபிலோ எட்டிப் பார்த்து, "யக்கா எல்.கே.ஜி. சேந்துக்குது" என்று தெருவுக்கு அறிவித்ததும் இதைத்தான். மறுநாள் அதே வேட்டித் துணியை நனைத்துத் துடைத்தேன். வாட்டர் கலர் கரைந்து வந்தது, ஆனால் தாளில் ஒரு கறையை விட்டுவிட்டு வந்தது. போஸ்டர் கலர் சுத்தமாக வந்துவிட்டது, கன்னம் வந்தது போலவே. அக்ரிலிக் அசையவில்லை. ஆனால் அதைப் பூசிய பிரஷைக் கழுவாமல் ஜெபமாலை சொல்லப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது குச்சியாகிவிட்டிருந்தது. எனாமலுக்கு அட்டை தேவைப்படவில்லை, ஜன்னல் கம்பி இருக்கிறது. ஆயில் ஐந்தாம் நாளும் விரலில் ஒட்டியது. பன்னிரண்டாம் நாள்தான் துடைக்க முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் எண்ணெயும் டர்பென்டைனும் கலந்த வாசனை நின்றது. உன் அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலில் வருகிற வாசனை. இருபத்தெட்டு வருடம், குளித்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு என்று அவரைப் பின்பக்கம் அனுப்பிய வாசனை. அட்டை காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அதை ஜன்னலிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் முதல் பத்தியை நானே திருத்த வேண்டியிருக்கிறது. பிழையோடு கடிதம் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அவர் முகத்தை நான் அறியாமல்தான் துடைத்தேன். அதற்கு என்ன சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். ஆனால் ஃபிலோ போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தபோது, முகத்திலிருந்து வழிந்த தண்ணீர் கீழே இறங்கி, கையிலிருந்த ஜெபப் புத்தகத்தின் ஒரு மூலையைக் கரைத்திருந்தது. கறுப்பு கரைந்த இடத்தில் ஒரு பென்சில் கோடு தெரிந்தது. புத்தகத்துக்கு அங்கே கோடு இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் போய்விடும் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். துணியை மறுபடி நனைத்தேன். புத்தகம் முழுவதையும் துடைத்தேன். அறிந்தே துடைத்தேன். நீ சொன்னது அந்த அளவுக்குச் சரி.

அடியில் அவர் கை பிரஷைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரஷின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும்படி நீ வரைந்திருந்தாய். பிரஷின் பிடியில் அவர் கத்தியால் செதுக்கி வைத்த அடையாளம்கூட இருந்தது. நகங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, பொடி எழுத்தில் 'ரெட் ஆக்சைடு' என்று எழுதியிருந்தாய். எந்த நிறம் பூச வேண்டும் என்று உனக்கு நீயே எழுதிவைத்த குறிப்பு. வெள்ளைச் சட்டையையும் துடைத்தேன். கட்டம் போட்ட சட்டை வந்தது. நான் சட்டையும் புத்தகமும் கொடுத்தபோது நீ மறுக்கவில்லை, வேறு தாள் எடுக்கவும் இல்லை. வரைந்ததை அழிக்காமல், நான் கேட்டதை அதன்மேல் பூசிக் கொடுத்தாய். இருபது வருடம் நான் பூ வைத்துக் கும்பிட்டது நான் கேட்டு வாங்கிய ஆளை. நீ பார்த்த ஆள் அதற்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். பள்ளிப் படிவத்தை எட்டிப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். கண்ணீர் பட்டு மிச்ச நிறமும் போய்விடக் கூடாது என்று படத்தை முதலில் தள்ளி வைத்துவிட்டு அழுதேன். இதை ஃபிலோ தெருவில் சொல்லலாம்.

புத்திமதி சொல்லாமல் நான் எந்தக் கடிதமும் முடித்ததில்லை, ஆனால் இந்த முறை அதிகம் இல்லை. அடுத்த வருடம் உன் மகளைப் பள்ளியில் சேர்க்கப்போகிறாய். தந்தையின் தொழில் என்று ஓர் இடம் வரும். அதில் உன் மனைவி அழகாக எழுதித் தருவதை வாங்காமல், நீ செய்வதை நீயே எழுது. அவள் கையில் எதையாவது பூசிக்கொண்டு வந்தால், தேய்ப்பதற்கு முன் அது என்ன நிறம், எதில் குழைத்தது என்று கேள். நான் கேட்டதில்லை. உங்கள் இருவரில் யாரிடமும் கேட்டதில்லை.

படம் இப்போது அலமாரியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு கண், அரை மீசை, பென்சிலில் ஒரு கை. பழையபடி நிறைக்க வேண்டுமானால் அதே போஸ்டர் கலரால்தான் நிறைக்க வேண்டும், வரைந்தவர்தான் செய்ய வேண்டும் என்று கடைக்கார பாய் சொன்னார். பழையபடி எனக்கு வேண்டாம். நீ வந்து அவரை அந்தச் சட்டையோடும் பிரஷோடும், அவருடைய சொந்தக் கறுப்பு நிறத்தில் வரைய வேண்டும் என்பது என் ஆசை. எந்த வகை நிறமானாலும் சரி. ஆயில் என்றால் அதன் வாசனை இந்த வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். வரைய மனமில்லை என்றால் அதையும் சொல். அந்தப் பென்சில் கையை அப்படியே சட்டம் போட்டு மாட்டுகிறேன். அந்தப் பெட்டியை எறிந்ததற்கு நீ என்னை மன்னிக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. நான் அறியாமல் துடைத்தது எது, அறிந்து துடைத்தது எது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ அதை நம்புகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

போனில் வேண்டாம். போனில் நீ "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் பற்றிக் கேட்பாய், நானும் மாத்திரையைப் பற்றியே பதில் சொல்வேன். உன் கையெழுத்தை நான் கடைசியாகப் பார்த்தது அந்த நகங்களுக்குப் பக்கத்தில்தான். உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்து வேறு யாருடைய கடிதமோ என்று நினைத்துவிடாதே. கதவு எண் எழுதி, அதன் கீழே 'பெயிண்டர் வீடு, ராயபுரம்' என்று எழுதியிருக்கிறேன். தபால்காரருக்கு இந்த வீட்டை அப்படித்தான் தெரியும். அந்த முகவரிக்கு உன் கையால் பதில் எழுது.

உன் அம்மா